எழுதாமல் விட்ட இடத்தில்



2025 ஜூலை 21, நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள். பகலில் மாநிலங்களவையை நடத்திய துணைக் குடியரசுத் தலைவர் ஜகதீப் தன்கர், இரவுக்குள் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உடல்நலத்தையும் மருத்துவ ஆலோசனையையும் முன்னிட்டு, அரசியல் சட்டம் 67ஆம் பிரிவு (அ)வின்படி உடனடியாகப் பதவி விலகுகிறேன் என்றது கடிதம். 2022 ஆகஸ்ட் 11ல் பதவியேற்றவர். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. மறுநாள் உள்துறை அமைச்சகத்தின் அறிவிக்கை வந்தது. விடைபெறும் உரை கிடையாது. ஏன், எதற்கு என்ற விவாதமும் கிடையாது. முடிஞ்சது கதை.

ஏன் போனார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நீதிபதி யஷ்வந்த் வர்மாவை நீக்கக் கோரும் நோட்டீஸ் வந்திருப்பதாக அன்று பகலில்தான் அவர் அவையில் அறிவித்திருந்தார். வினை அங்கேதான் என்றார்கள் சிலர். உடம்பு சரியில்லைன்னா சரியில்லைதான், விடுங்கப்பா என்றார்கள் வேறு சிலர். அவருக்காகக் கண்ணீர் விட இந்த இதழுக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் ஒரு பக்கமாகவே அவையை நடத்துகிறார் என்று சொல்லி 2024 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் அவரை நீக்கக் கோரிக் கொடுத்த நோட்டீஸ் வாசலிலேயே தள்ளுபடியானதையும் நாம் மறக்கவில்லை.

நம் கேள்வி வேறு. ஒரு பெரிய நாற்காலி பாதியில் காலியானால் சட்டம் என்ன சொல்கிறது? எந்த இடத்தில் சொல்லாமல் விடுகிறது? சொல்லாமல் விட்ட இடத்தில் யார் உட்காருகிறார், யார் உட்கார முடியாமல் போகிறது? இதையெல்லாம் வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் விட்டுவிட முடியாது. இந்தச் சட்டத்தை எழுதியதில் நம் ஆள் ஒருவருடைய கை இருக்கிறது. எழுதியதை வாசிப்பது நம் வேலை. எழுதாததை வாசிப்பதும் நம் வேலைதான்.

முதலில் எழுதியிருப்பது.

குடியரசுத் தலைவர் விலக நினைத்தால் துணைக் குடியரசுத் தலைவருக்குத் தன் கைப்பட எழுத வேண்டும். துணைக் குடியரசுத் தலைவர் அதை உடனே மக்களவைத் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 56ஆம் பிரிவு. இந்தக் கடிதத்தை இதுவரை யாரும் எழுதியதில்லை. இரண்டு குடியரசுத் தலைவர்கள் பதவியில் இருக்கும்போது இறந்திருக்கிறார்கள். ராஜினாமா செய்தவர் ஒருவரும் இல்லை. அப்படிக் காலியானால் 65ஆம் பிரிவின்படி துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பேற்பார். 62ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடந்தே ஆக வேண்டும்.

துணைக் குடியரசுத் தலைவர் விலக நினைத்தால் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். அதுதான் தன்கர் செய்தது. அந்தப் பதவிக்கு 'தற்காலிகத் துணைக் குடியரசுத் தலைவர்' என்று ஒருவர் வருவதில்லை. மாநிலங்களவையை நடத்தும் வேலையை மட்டும் 91ஆம் பிரிவின்படி அவையின் துணைத் தலைவர் பார்ப்பார். தேர்தல் எப்போது? 68ஆம் பிரிவு, கூடிய சீக்கிரம் என்கிறது. ஆறு மாதம் என்ற கெடு இங்கே இல்லை. வருகிறவர் போனவரின் மிச்ச காலத்தை நிரப்ப வருவதில்லை. அவருக்கு முழுசாக ஐந்து வருஷம்.

அதன்படியே நடந்தது. 2025 செப்டம்பர் 9ல் வாக்குப்பதிவு. இதில் ஓட்டுப் போடுகிறவர்கள் நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்கள் மட்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இடமில்லை. 767 பேர் வாக்களித்தார்கள், 15 செல்லாதவை. மகாராஷ்டிர ஆளுநராக இருந்த திருப்பூர்க்காரர் சி. பி. ராதாகிருஷ்ணனுக்கு 452. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி பி. சுதர்சன் ரெட்டிக்கு 300. செப்டம்பர் 12ல் பதவியேற்பு. ஒரு ராஜினாமா இன்னொரு ராஜினாமாவைக் கூட்டி வந்தது: ஆளுநர் பதவியை விட ராதாகிருஷ்ணனும் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்கும் சட்டத்தில் இடம் தயாராக இருக்கிறது, 156ஆம் பிரிவு. நாற்காலி காலியான நாளிலிருந்து வாக்குப்பதிவுவரை 50 நாள். கடியாரம் மாதிரி ஓடியது. எங்கள் காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில், "நம்ம கொங்குக்காரரு வந்துட்டாருங்க" என்று பேச்சு. அந்தப் பெருமையில் நமக்குப் பங்குண்டா என்று எதிர் பெஞ்சில் யாரும் கேட்கவில்லை. அது வேறு கதை.

இங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். நான் வங்கியில் குமாஸ்தா. என்னைப் போல ஒருவன் வேலையை விட வேண்டுமானால் நோட்டீஸ் காலம் இருக்கிறது, கடன் பாக்கி இல்லை என்று சான்று வேண்டும், மேலிடம் ஏற்றுக்கொண்டதாகத் தாள் வர வேண்டும். அதுவரை விட்டதாகக் கணக்கில்லை. அரசியல் சட்டப் பதவியில் இருப்பவருக்கு இதெல்லாம் கிடையாது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ராஜினாமா கொடுத்து, அது நடப்புக்கு வரும் தேதிக்கு முன்பே திரும்பப் பெற்ற வழக்கில், 1978ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. இப்படிப்பட்ட ராஜினாமா ஒருவர் தன்னந்தனியாகச் செய்யும் காரியம். யாரும் அதை ஏற்க வேண்டியதில்லை. குறித்த தேதி வரும்வரை மனம் மாறவும் செய்யலாம். காரணம் சொல்ல வேண்டும் என்று எந்தப் பிரிவும் கேட்கவில்லை. மேலே இருப்பவரின் ராஜினாமா அவ்வளவு சுதந்திரமானது.

எழுதப்பட்ட சட்டத்திலும் ஓட்டை விழும். 1969 மே 3ல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் இறந்தார். துணைக் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி பொறுப்பேற்றார். குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக ஜூலை 20ல் ராஜினாமா செய்தார். துணைக் குடியரசுத் தலைவர் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும், குடியரசுத் தலைவர் துணைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். இரண்டு நாற்காலிக்கும் பொறுப்பு அவரே. விலாசம் எது? வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் இரண்டும் காலியானால் நாட்டின் தலைமை யாரிடம் என்பது வேடிக்கை இல்லை. நல்ல வேளையாக 70ஆம் பிரிவு, எதிர்பாராத நிலைமைக்கு நாடாளுமன்றம் வழி செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்த மே மாதமே ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. அதன்படி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா ஆகஸ்ட் 24 வரை குடியரசுத் தலைவர் பொறுப்பை வகித்தார். ஓட்டை தெரிந்தது, எழுதி அடைத்தார்கள். எழுதினால் அடைபடும் என்பதற்கு இது சாட்சி.

பக்கத்து நாட்டிலும் ஒரு சாட்சி இருக்கிறது. 2022ல் இலங்கையில் கோத்தபாய ராஜபக்சவைத் தெருவில் திரண்ட மக்கள் விரட்டினார்கள். மாலத்தீவுக்கு ஓடி, அங்கிருந்து சிங்கப்பூர் போய், ஜூலை 14ல் சபாநாயகருக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். மாளிகைக்குள் ஜனம் புகுந்துவிட்ட நாட்டில், அடுத்து யார் என்பதை ராணுவம் தீர்மானித்திருக்கலாம். அப்படி ஆகவில்லை. மிச்ச காலத்துக்கு நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை சொல்லியிருந்தது. ஜூலை 20ல் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளுடன் வந்தார். நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு இருந்தது ஒரே ஒரு இடம். தெரு கேட்ட ஆள் அவர் இல்லை. எழுதிய சட்டம் நியாயம் தரும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒழுங்கைத் தரும். நியாயத்துக்குத் தனியாகப் போராட வேண்டும். ஆனால் ஒழுங்கே இல்லாத இடத்தில் பலசாலிதான் சட்டம்.

இப்போது எழுதாமல் விட்ட இடத்துக்கு வருவோம்.

இந்த நாட்டில் உண்மையான அதிகாரம் எந்த நாற்காலியில் இருக்கிறது? பிரதமர் நாற்காலியில். அது பாதியில் காலியானால்? ஆறு மாதக் கெடு இல்லை. அடுத்தவர் யார் என்ற வரிசை இல்லை. தற்காலிகப் பிரதமர் என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. நேரு இறந்தபோதும் சாஸ்திரி இறந்தபோதும் குல்சாரிலால் நந்தா பதவியேற்றது மரபின்படிதான். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது 75ஆம் பிரிவு. மக்களவையைக் கலைக்கலாம் என்கிறது 85ஆம் பிரிவு. ராஜினாமா செய்த பிரதமர் அவையைக் கலைக்கச் சொன்னால் கேட்க வேண்டுமா, அதற்கு முன் வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டுமா? பதில் எழுதப்படவில்லை.

1979ல் இந்த எழுதாத இடத்தில்தான் பாபு ஜெகஜீவன் ராம் நின்றார்.

மாணவத் தோழர்கள் அந்த இரண்டு மாதக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது ஓட்டெடுப்பு வருவதற்கு முன்பே ஜூலை 15ல் மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார். குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி முதலில் எதிர்க்கட்சித் தலைவர் ஒய். பி. சவானை அழைத்தார். அவரால் முடியவில்லை. பிறகு மொரார்ஜியிடமும் சரண் சிங்கிடமும் ஆதரவாளர் பட்டியல் கேட்டார். சரண் சிங்கை அழைத்தார். ஜூலை 28ல் பதவியேற்பு. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குள் அவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்திரா காங்கிரஸ் ஆதரவு இல்லை என்றது. அவை கூட வேண்டிய ஆகஸ்ட் 20 அன்று சரண் சிங் அவைக்குப் போகாமலே ராஜினாமா செய்தார், அவையைக் கலைக்கவும் சொன்னார். பிரதமராக இருந்து ஒரு நாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காதவர் அவர்.

அப்போது ஜனதா கட்சியின் நாடாளுமன்றத் தலைவர் ஜெகஜீவன் ராம். 1946 இடைக்கால அரசிலிருந்து அமைச்சராக இருந்தவர். 1971 போரில் பாதுகாப்பு அமைச்சர். 1979ல் துணைப் பிரதமர். எனக்குப் பெரும்பான்மை இருக்கிறது, அழையுங்கள் என்றார். அழைக்கவில்லை. சவானுக்கு ஒரு வாய்ப்பு, சரண் சிங்குக்கு ஒரு வாய்ப்பு, இவருக்கு இல்லை. ஆகஸ்ட் 22ல் மக்களவை கலைக்கப்பட்டது. அவையைச் சந்திக்காத சரண் சிங்கே 1980 ஜனவரி 14 வரை காபந்துப் பிரதமராக இருந்தார்.

சஞ்சீவ ரெட்டி பக்கத்தில் வாதம் இல்லாமல் இல்லை. கட்சி தாவல் தினம் ஒரு கணக்காக இருந்தது, நிலையான ஆட்சிக்கு வழியில்லை, பல கட்சிகளே தேர்தல் கேட்டன, பிரதமர் சொன்ன ஆலோசனையை ஏற்றார் என்பார்கள். ஒத்துக்கொள்வோம். ஆனால் எண்ணிக்கையைச் சரிபார்க்க நாட்டில் ஒரு இடம் இருக்கிறது. அதன் பெயர் மக்களவை. ஒரே ஒரு நாள் அதைக் கூட்டி எண்ணியிருக்கலாம். தோற்றிருந்தால் தோற்றுப் போயிருப்பார். எண்ணாமலே முடித்தார்கள். காரணம் சாதி என்று எந்தத் தாளிலும் இல்லை. இருக்காது. சாதி என்றைக்குத் தாளில் கையெழுத்துப் போட்டது? எழுதாத இடத்தில் அது தன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போகும், பேனாவே தெரியாது.

அதே எழுதாத இடத்தில் இருபது வருஷம் கழித்து வேறொருவர் இருந்தார். 1999 ஏப்ரல் 17ல் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு ஓட்டில் தோற்றது. வாஜ்பாய் ராஜினாமா செய்தார். குடியரசுத் தலைவர் நம் கே. ஆர். நாராயணன். அவர் உடனே கலைக்கவில்லை. 272 பேர் ஆதரவு இருக்கிறது என்று சோனியா காந்தி சொன்னபோது, காட்டுங்கள் என்று அவகாசம் கொடுத்தார். காட்ட முடியவில்லை. அதன் பிறகுதான் ஏப்ரல் 26ல் அவை கலைந்தது. 1979ல் தலித் தலைவர் ஒருவருக்குக் கிடைக்காத அவகாசத்தை, 1999ல் ஒரு தலித் குடியரசுத் தலைவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் நல்ல மனுஷர் என்பதால் மட்டும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. வாசலில் நிறுத்தி வைக்கப்படுவது என்ன என்று தெரிந்தவர் அவர்.

ஆனாலும் பாருங்கள். குடியரசுத் தலைவர் பதவிக்கு நாராயணன் வந்தார், ராம்நாத் கோவிந்த் வந்தார். பழங்குடியிலிருந்து திரௌபதி முர்மு வந்தார். பிரதமர் பதவிக்கு ஒரு தலித் இன்றுவரை வரவில்லை. ஒரு நாற்காலிக்கு வழி முழுசாக எழுதியிருக்கிறது, அதிகாரம் குறைவு. இன்னொன்றுக்கு அதிகாரம் முழுசு, வழி பாதிதான் எழுதியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

ராஜினாமாவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று மேலே பார்த்தோம். காரணம் சொல்ல நினைத்த ஒருவருக்கு என்ன நடந்தது? 1951 செப்டம்பர் 27ல் அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். விலகும் அமைச்சர் அவையில் விளக்கம் சொல்வது மரபு. அக்டோபர் 10ல் சொல்ல வந்தார். அறிக்கையின் நகலை முன்கூட்டியே கொடு, சொல்லும் நேரத்தை நான் தீர்மானிப்பேன் என்றது சபாநாயகர் நாற்காலி. அண்ணல் வெளியே நடந்தார். அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பாதியில் கைவிட்டது, தாழ்த்தப்பட்டோர் பற்றிய அக்கறையின்மை, பிற்படுத்தப்பட்டோருக்கு ஆணையம் அமைக்காதது, வெளியுறவுக் கொள்கை என்று ஒவ்வொன்றாக அதில் எழுதியிருந்தார். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர், அந்தச் சட்டம் நடப்புக்கு வந்து இரண்டு வருஷம் முடிவதற்குள், தன் ராஜினாமாவுக்குக் காரணம் சொல்ல அந்த அவைக்குள் நேரம் கிடைக்காமல் வெளியேறினார். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1950 அக்டோபரில், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான ஜோகேந்திரநாத் மண்டலும் ராஜினாமா செய்தார். கிழக்கு வங்காளத்தில் நம் மக்கள் பட்டபாட்டைப் பக்கம் பக்கமாக எழுதிப் பிரதமருக்குக் கொடுத்தார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்ட அமைச்சர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் நம் ஆட்கள், இரண்டு பேரும் நீண்ட காரணங்களோடு போனார்கள். அந்தக் காரணங்களை இன்றைக்கும் வாசிக்கிறோம். 'உடல்நலம்' என்ற ஒற்றைக் காரணத்தை யார் வாசிக்கப் போகிறார்கள்?

டெல்லிக் கதை போதும். நம் பக்கத்துக்கு வருவோம். காளப்பநாயக்கன்பட்டி பேரூராட்சி. காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை ஊராட்சிகள், மலையாளிப் பழங்குடி மக்கள். கீழே சமவெளியெங்கும் ஊரும் சேரியுமாகக் கிடக்கும் கிராமங்கள். தமிழ்நாட்டின் இப்படிப்பட்ட கிராமங்களில் 'ராஜினாமா' என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு.

1993ல் நடப்புக்கு வந்த 73ஆம் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு ஒதுக்கீடு தந்தது. 1996 அக்டோபரில் முதல் தேர்தல். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நாலு ஊரிலும் பத்து வருஷம் ஒதுக்கீடு செல்லுபடியாகவில்லை. மனு போட ஆள் வரவிடவில்லை. தேர்தல் நடந்த தடவைகளில் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்தார். சத்தியப் பிரமாணம் எடுத்தார். கையோடு ராஜினாமா கொடுத்தார். அந்தக் கடிதத்தை எழுதியது யார்? கையெழுத்து அவருடையது. வாசகம் ஊருடையது. சட்டத்தின் கண்ணுக்கு அது முறையான ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் வந்து நிலைத்தார்கள்.

விலக மாட்டேன் என்று இருந்தவருக்கு என்ன ஆனது? மேலூர்ப் பக்கம் மேலவளவு. வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதையும் தாண்டித் தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30. பேருந்தில் ஊர் திரும்பியவரையும் உடன் இருந்த ஐந்து பேரையும் சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். ஆறு பேர், தோழர்களே. காலம் முடியும்முன் நாற்காலியைக் காலி செய்ய, கடிதம் கிடைக்காத இடத்தில் அரிவாள்.

உயிரோடு விட்டாலும் நாற்காலியில் விடுவதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் இருக்கும் படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. தலைவரான பெண்மணி செய்த குற்றம் நம் ஆளாகப் பிறந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே குடியரசுத் தலைவர் நாற்காலி காலியானால் துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பு பார்ப்பார். கீழேயும் ஊராட்சித் தலைவர் நாற்காலி காலியானால் துணைத் தலைவர் பார்ப்பார். ஆனால் 243-ஈ பிரிவு தலைவர் பதவிக்குத்தான் ஒதுக்கீடு சொல்கிறது. துணைத் தலைவர் பற்றிப் பேச்சில்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பெரும்பாலும் யார் ஆள் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைவர் ராஜினாமா செய்த அன்றைக்கே ஒதுக்கீடு ஒதுங்கிக்கொள்ளும், ஊர் உட்கார்ந்துகொள்ளும். ஊராட்சிக் கணக்கில் காசோலை என்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது வங்கி கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். ஒரு கையெழுத்து வராவிட்டால் பணம் வராது. பணம் வராவிட்டால் குடிதண்ணி மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால், "உனக்கெதுக்கு இந்தப் பதவி, எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். ராஜினாமாக் கடிதம் இப்படித்தான் தயாராகிறது. யாரும் கழுத்தில் கத்தி வைக்க வேண்டியதில்லை.

சரி, மிரட்டி வாங்கும் ராஜினாமா பற்றி அரசியல் சட்டத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1974 குஜராத் மாணவர் போராட்டத்தில் சட்டமன்ற உறுப்பினர்களை முற்றுகையிட்டு ராஜினாமா வாங்கினார்கள். அதே வருஷம் 33ஆம் திருத்தம் வந்தது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினரின் ராஜினாமா தானாக விரும்பிக் கொடுத்ததா, உண்மையானதா என்று சபாநாயகர் விசாரித்து, இல்லை என்று தோன்றினால் ஏற்கக் கூடாது என்று 101, 190 ஆகிய பிரிவுகளில் எழுதினார்கள். அதுவரை வெறும் கடிதமே போதும் என்று இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர்களின் கையை முறுக்கினால் அதே வருஷம் அரசியல் சட்டம் திருத்தப்படுகிறது. பாப்பாபட்டியில் பத்து வருஷம் முறுக்கினார்கள். ஊராட்சிகள் பற்றிய ஒன்பதாம் பகுதியில் ராஜினாமா குறித்து ஒரு வரி ஏறவில்லை. அங்கே அந்தச் சொல்லே கிடையாது. மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். விட்ட இடத்தில் ஊர் எழுதியது.

நாற்காலி காலியாகக் கிடப்பதிலும் இதே பாகுபாடுதான். துணைக் குடியரசுத் தலைவர் நாற்காலி 50 நாளில் தேர்தல் கண்டது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தது. காலம் முடியும்முன் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243-உ பிரிவு கட்டளையே இடுகிறது. நடத்தவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். எழுதியிருந்தும் நடக்காதது இது. எழுதாதது எப்படி நடக்கும்?

ஆகவே நம் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தோழர்கள் கூட்டங்களில் பேசுங்கள், துண்டறிக்கையில் போடுங்கள்.

ஒன்று. ஒதுக்கீட்டில் வந்த ஊராட்சித் தலைவரின் ராஜினாமா, சட்டமன்ற உறுப்பினருக்கு உள்ள அதே பாதுகாப்போடு இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஊருக்கு வெளியே, தனியாக, நேரில் விசாரிக்க வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெறக் கால அவகாசம் வேண்டும். நீதிபதிக்கு உள்ள உரிமை நம் பஞ்சாயத்துத் தலைவிக்கு ஏன் கூடாது?

இரண்டு. தலைவர் பதவி ஒதுக்கீட்டில் இருந்தால், அது காலியாகும்போது பொறுப்பு பார்ப்பவரும் அதே ஒதுக்கீட்டிலிருந்து வர வேண்டும். ராஜினாமா வாங்கினால் நாற்காலி நமக்கு என்ற ஆசையை முதலில் அறுக்க வேண்டும்.

மூன்று. காரணம் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். அண்ணலுக்கு மறுக்கப்பட்ட அந்த நேரம், கடைசித் தலைவர்வரை கிடைக்க வேண்டும்.

நான்கு. பிரதமரோ முதல்வரோ பாதியில் விலகினால், உரிமை கோருகிறவரை அவையில் எண்ணிப் பார்க்காமல் அவையைக் கலைக்கக் கூடாது என்று எழுத வேண்டும். பெரும்பான்மையை எண்ணும் இடம் அவைதான் என்று 1994ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. டெல்லிக்கும் அதை எழுதுங்கள். ஜெகஜீவன் ராமுக்குத் திறக்காத கதவு, நாளைக்கு வருகிற நம் பிள்ளைக்காவது திறக்கட்டும்.

பதவி விலகு, பதவி விலகு என்று ஊர்வலத்தில் கோஷம் போடுகிறோம். போட வேண்டிய இடத்தில் போடத்தான் வேண்டும். ஆனால் நம் தலைவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் யார் என்று பார்த்து நில்லுங்கள். அவர்களுக்கு ராஜினாமா ஒரு கடிதம். நமக்கு அது பறிபோகும் ஊர்ச் சொத்து. ஒதுக்கீட்டு ஊராட்சி ஒன்றில் தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சேதி வந்தால், கடிதத்தை நம்பாதீர்கள். அன்றைக்கே அந்தத் தெருவுக்குப் போங்கள். பேனா யாருடையது என்று கேளுங்கள்.

— ஆசிரியர் குழுவுக்காக,
காளப்பநாயக்கன்பட்டி